குறைக்க ஒன்றுமில்லாதவள்

சிக்கனத்தைக் கற்றுக்கொடுப்பதற்கென்றே ஓர் ஊரில் ஓர் அலுவலகம் இருந்தது, செல்லங்களா. ஐந்து மாடி. வாசலில் ஒரு நீரூற்று. அடைமழை பெய்தாலும் அது பாட்டுக்குப் பொழிந்துகொண்டிருக்கும். கட்டடத்தின் நெற்றியில் ‘இல்லச் செலவு ஒழுங்கு வாரியம்’ என்று பித்தளை எழுத்துகள். அவற்றைத் துடைத்து மினுக்க இரண்டு பேர் சம்பளத்தில் இருந்தார்கள். ஒருவர் துடைப்பார், மற்றவர் ஏணியைப் பிடிப்பார். ஏணி பிடிப்பவருக்கு ஓர் உதவியாளர் வேண்டுமென்று கோப்பு மேலே போயிருந்தது. உள்ளே பட்டப்பகலில் முந்நூறு விளக்குகள் எரியும். ‘வெளியேறும்போது விளக்கை அணைக்கவும்’ என்று சுவருக்குச் சுவர் எழுதி, அந்த எழுத்து கண்ணுக்குத் தெரியட்டும் என்று அதன் தலைமாட்டில் இன்னொரு விளக்கும் வைத்திருந்தார்கள்.

நான் குறை சொல்லவில்லை. பெரிய இடம் என்றால் அப்படித்தான் இருக்கும்.

அந்த ஊரில் வேலை பார்ப்பவர் யாராவது தன் தொழிற்சாலையின் நலநிதியிலிருந்து அவசரத்துக்குப் பணம் கேட்டால், முதலில் இந்த வாரியத்திடம் சிக்கனச் சான்றிதழ் வாங்கிவர வேண்டும். ஓட்டைக் குடத்தில் யாராவது தண்ணீர் ஊற்றுவார்களா? குடத்தில் ஓட்டை இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லத்தான் அந்த ஐந்து மாடியும்.

ஊர்ச் சட்டைத் தொழிற்சாலையில் பதினெட்டு வருஷமாகப் பொத்தான் தைத்த ஒருத்தி இருந்தாள். பொத்தான்காரி என்றுதான் எல்லாரும் கூப்பிட்டார்கள். அவள் புருஷன் பேருந்து நிலையத்து மூலையில் அலமாரி அகலத்தில் ஒரு மரப்பெட்டிக்குள் உட்கார்ந்து மாற்றுச்சாவி அறுத்துக் கொடுப்பவர். சாவிக்காரர். அவருக்கு ஒரு கண் வாலிபத்திலேயே இரும்புத்தூள் பட்டுப் போய்விட்டது. மிச்சமிருந்த ஒற்றைக் கண்ணிலும் இப்போது புரை விழுந்திருந்தது.

“நாலு மாசத்துக்குள்ள எடுத்துடணும்மா,” என்றார் கண் டாக்டர். “முத்திப்போச்சுன்னா எனக்கும் கஷ்டம், அவருக்கும் கஷ்டம். இருக்கிறது ஒரே கண்ணு.”

அறுவைச் சிகிச்சைக்கு ஆகும் தொகை பொத்தான்காரிக்கு ஐந்து மாதச் சம்பளம். நலநிதியில் அதற்கென்றே ஓர் இனம் இருந்தது. ஆகவே சான்றிதழ் வாங்க அரைநாள் விடுப்புப் போட்டுக்கொண்டு அவள் ஐந்து மாடிக்குப் போனாள்.

போகும்போது அவளுக்குக் கொஞ்சம் நம்பிக்கைகூட இருந்தது. ஏனென்றால் குடும்பத்தை அவள் நடத்திய விதம் அப்படி. குளிக்கிற சோப்பு காகிதம்போல் தேய்ந்ததும் புதுச் சோப்பின் முதுகில் ஒட்டிவிடுவாள். பற்பசைக் குழாயைக் கத்தரியால் பிளந்து இன்னும் நாலு நாளைக்கு ஓட்டுவாள். இரண்டு நிறுத்தம் முன்னாலேயே பேருந்தை விட்டு இறங்கி நடப்பாள். அவள் வீட்டுக் குப்பைக்கூடையைப் பார்த்தால் நேற்றுத்தான் கடையிலிருந்து வாங்கிவந்தது போலிருக்கும்.

முகப்பில் இருந்த எழுத்தர் அவள் நிரப்பிய விண்ணப்பத்தைப் பார்த்துக்கொண்டே வந்தவர், ஏழாவது கட்டத்தில் நின்றுவிட்டார்.

“ஏம்மா, என்ன எழுதியிருக்கே இங்க?”

“இல்லைன்னு எழுதியிருக்கேங்க.”

“குறைக்கத்தக்க செலவுகள் என்னென்னன்னு கேட்டிருக்கோம். இல்லைன்னா என்ன அர்த்தம்?”

“குறைக்க முடிஞ்சதையெல்லாம் குறைச்சாச்சுங்க. இதுக்கு மேல குறைக்கணும்னா எங்க ரெண்டு பேர்ல ஒருத்தரைத்தான் குறைக்கணும்.”

எழுத்தர் பேனாவை மூடினார். இருபது வருஷ வேலையில் அந்தக் கட்டத்தில் இப்படி ஒரு பதிலை அவர் கண்டதில்லை. நோய் முற்றிய ஆளைப் பெரிய டாக்டரிடம் அனுப்புவது போல அவளை மூன்றாம் மாடிக்கு அனுப்பிவைத்தார்.

மூன்றாம் மாடியில் கண்காணிப்பாளர். அவர் அறையில் குளிரூட்டி அத்தனை வேகமாக ஓடியதால் அலுவலகச் செலவில் கம்பளிப் போர்வை வாங்கிப் போர்த்தியிருந்தார். கால் விறைக்காமல் இருக்க மேஜைக்கடியில் ஒரு மின்கணப்பு. விண்ணப்பத்தைப் படித்துவிட்டு மிகவும் வருத்தத்தோடு அவளைப் பார்த்தார்.

“உட்காரும்மா. நீ அடிப்படையிலேயே தப்பாப் புரிஞ்சுக்கிட்டிருக்கே. சிக்கனமா இருக்கிறவங்களுக்கு நாங்க சான்றிதழ் தர்றதில்ல. சிக்கனமா மாறினவங்களுக்குத்தான் தர்றோம். முதல்லேர்ந்தே ஒழுங்கா இருக்கிறவளால எங்களுக்கு என்ன பிரயோஜனம், சொல்லு? உன்னை மாதிரியே எல்லாரும் இருந்துட்டா இந்த அஞ்சு மாடி எதுக்கு? நான் எதுக்கு? கொஞ்சமாவது பொறுப்போட நடந்துக்க வேண்டாமா?”

“தப்புதாங்கய்யா,” என்றாள் பொத்தான்காரி. என்ன தப்பு என்று அவளுக்குத் தெரியவில்லை. பெரியவர்கள் கோபித்தால் அப்படித்தான் சொல்ல வேண்டும் என்பது தெரியும்.

அவர் சுவரில் மாட்டியிருந்த வரைபடத்தைக் காட்டினார். “இது ஒரு குடும்பம். மாசம் எட்டுத் தடவை ஓட்டல், வருஷத்துக்கு மூணு செல்போன். எங்க வழிகாட்டல்ல ஓட்டல் ஏழு தடவையாச்சு, செல்போன் ரெண்டாச்சு. கோடு எப்படி இறங்குது பாரு, சறுக்குமரம் மாதிரி! பார்க்கவே மனசு நிறையுதுல்ல? உன் கோடு தரையிலயே படுத்துக் கெடக்குது. தரையில கெடக்கிறதை நான் எங்கேருந்து இறக்குவேன்?”

“அப்ப என்னங்கய்யா செய்யணும்?”

“ஏத்தணும்.”

அவர் விதிமுறையை விளக்கினார். முதல் இரண்டு மாதம் சம்பளத்தில் பத்தில் ஒரு பங்கை அவள் வீணாகச் செலவு செய்ய வேண்டும். வீண்தானா என்று ஆய்வாளர் நேரில் வந்து பார்ப்பார். மூன்றாம் மாதம் அதைக் குறைக்க வேண்டும். கோடு இறங்கும். நாலாம் மாதக் கடைசியில் சான்றிதழ். இதற்கு ‘வீண்செலவுத் தயாரிப்புக் கையேடு’ என்று ஒரு புத்தகம் உண்டு, கீழே காசு கொடுத்து வாங்கிக்கொள்ளலாம். சமையலறையை மூன்று கோணத்தில் படமெடுத்து, மூன்று பிரதி தரவேண்டும்.

வீட்டுக்கு வந்து சொன்னதும் சாவிக்காரர் சிரித்த சிரிப்பில் அவருக்குப் புரையேறிவிட்டது.

“பூட்டே இல்லாத கதவுக்குச் சாவி கேக்கறாங்கடி. முதல்ல பூட்டு வாங்கி மாட்டு, அப்புறம் திறந்து காட்டுங்கறாங்க.”

“சிரிங்க, நல்லாச் சிரிங்க. எனக்கு வீண்செலவு பண்ணத் தெரியாது. உங்களுக்குத் தெரியுமா?”

“கல்யாணத்துக்கு முன்னால தெரியும்.”

சனிக்கிழமை அவள் கடைத்தெருவுக்குப் போனாள். இரண்டு மணி நேரம் நடந்து, யோசித்து யோசித்து, கடைசியில் நாய்க்குக் கட்டும் கழுத்துப்பட்டை ஒன்றை எடுத்தாள். நல்ல தோல், பித்தளைக் கொக்கி.

“என்ன நாய்ம்மா?” என்று கேட்டார் கடைக்காரர்.

“நாய் இல்லைங்க.”

“வாங்கப் போறீங்களா?”

“ஐயய்யோ, அதெல்லாம் இல்லைங்க,” என்று பணத்தைக் கொடுத்துவிட்டு ஓடிவந்தாள். திருட்டுப் பொருளைக் கொண்டுவருபவள் போலப் பட்டையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள். ஆனாலும் ஒரு நிம்மதி: நாயில்லாத வீட்டில் நாய்ப்பட்டை. இதைவிட வீண் வேறென்ன வேண்டும்?

மறுநாள் காலை தண்ணீர்க் குடுவையின் கைப்பிடி முறிந்துவிட்டது. இருபது லிட்டர் குடுவை. கை தானாகப் போய் அந்தப் பட்டையை எடுத்தது. குடுவையின் கழுத்தில் சுற்றிக் கொக்கியை மாட்டினாள், அளவெடுத்தாற்போல் உட்கார்ந்தது. தெருக்குழாயிலிருந்து தண்ணீரைத் தூக்கிக்கொண்டு பாதிப் படி ஏறிய பிறகுதான் அவளுக்கு உறைத்தது. தலையில் அடித்துக்கொண்டாள்.

ஆய்வாளர் மெலிந்த மனிதர். அவர் பெட்டியில் ஓர் அடிக்கோலும் ஒரு முத்திரையும் மட்டும் இருந்தன. பட்டையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

“எவ்வளவு கனம் தாங்குது?”

“இருபது லிட்டருங்க.”

“இருபது லிட்டர்!” என்றார், யாரோ இறந்துபோன செய்தியைக் கேட்டவர் போல. ‘பயன்பாடு கண்டறியப்பட்டது’ என்று முத்திரை குத்திவிட்டு எழுந்தார். “இப்படிப் பண்ணாதீங்கம்மா. உங்களை நம்பித்தானே வந்தோம்.”

அடுத்தது மீன் இல்லாத கண்ணாடி மீன்தொட்டி. அதில் சாவிக்காரர் அறுக்காத சாவித் தகடுகளைக் கொட்டிவைத்தார். “வெளியிலேர்ந்தே மங்கலா எது பெருசு எது சின்னதுன்னு தெரியுதுடி, கையை விட்டுத் துழாவ வேண்டாம்,” என்றார். அவர் சந்தோஷத்தைக் கெடுக்க அவளுக்கு மனம் வரவில்லை. முத்திரை விழுந்தது.

ஆய்வாளருக்கே இரக்கம் வந்துவிட்டது. குரலைத் தணித்துச் சொன்னார்: “வாரியத்தோட மாத இதழுக்குச் சந்தா கட்டுங்க. ‘சிக்கனச் சுடர்’. இதுவரைக்கும் யாரும் பிரிச்சுப் பார்த்ததா பதிவே இல்ல. பதினாறு வருஷமா ஒரே கட்டுரையைத்தான் போடுறோம், ஒருத்தர்கூடக் கண்டுபிடிக்கலை. நம்பி வாங்கலாம்.”

நம்பி வாங்கினாள். வழவழப்பான கனத்த தாள். சமையலறைத் தட்டில் விரித்தால் எண்ணெய்ப் பிசுக்கு இறங்கவில்லை. துடைத்தால் போய்விட்டது.

மாடிவீட்டுக்காரிதான் அவளைப் பிடித்து உட்காரவைத்துப் புத்தி சொன்னாள். அவள் வீட்டுக் கூடத்தில் மூன்று சிக்கனச் சான்றிதழ்கள் வரிசையாகத் தொங்கின.

“அக்கா, நீங்க சரியான அப்பாவி. நான் என்ன பண்றேன்? வருஷ ஆரம்பத்துல பத்து ஜோடி செருப்பு. வருஷக் கடைசியில எட்டு. ரெண்டு குறைஞ்சுதா? அவ்வளவுதான், கூப்பிட்டுக் கையில குடுத்துட்டாங்க. போன வருஷம் கேடயம்கூட. நீங்க ஒண்ணு பண்ணுங்க, எதையாவது வாங்கி நேரே குப்பையில போட்டுருங்க. கையில வச்சிருந்தாத்தானே உபயோகம் வரும்?”

சரியான யோசனை. பொத்தான்காரி வாசனை மெழுகுவத்திப் பெட்டி ஒன்றை வாங்கி, ஆய்வாளருக்குக் காட்ட ரசீதை வைத்துக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு பெட்டியைக் குப்பைக்கூடையில் போட்டாள்.

மறுநாள் குப்பை அள்ளுகிறவள் கதவைத் தட்டினாள். “இந்தாங்கக்கா, தெரியாமப் போட்டுட்டீங்க போல. வேற யார் வீடாயிருந்தாலும் நான் எடுத்துக்கிட்டுப் போயிருப்பேன். உங்க வீட்டுக் கூடையில இப்படி ஒண்ணு வராதே, அதான் குடுத்துட்டுப் போலாம்னு.”

அன்று பார்த்து மின்சாரம் நின்றது.

இதற்கிடையில் சாவிக்காரரின் கண் தன் பாட்டுக்கு வாரியத்தின் கால அட்டவணையைப் பற்றிக் கவலைப்படாமல் மங்கிக்கொண்டே வந்தது. ரொட்டிக்கடைக்காரர் ஒரு சாவியைத் திருப்பிக் கொண்டுவந்தார். உள்ளே போகிறது, திரும்பவில்லை. இன்னொன்று அறுத்துக் கொடுத்தார். அதுவும் திரும்பவில்லை. மூன்றாவதும் அப்படியே. முப்பது வருஷத்தில் முதல் தடவையாக அவர் வாங்கிய காசைத் திருப்பிக் கொடுத்தார்.

“பரவாயில்ல அண்ணே, அவசரமில்ல,” என்று ரொட்டிக்கடைக்காரர் சொன்னதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை.

சாயங்காலம் பொத்தான்காரி வந்து பார்த்தபோது அவர் சாவியின் பற்களை ஒவ்வொன்றாகக் கட்டைவிரலால் தடவிக்கொண்டிருந்தார். விரல் நுனியெல்லாம் கீறல்.

“என்னங்க இது?”

“ஒண்ணுமில்ல. இது பார்க்குமான்னு பழக்கிக்கிட்டிருக்கேன்,” என்று விரலைக் காட்டிச் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. பொத்தான்களுக்காக வைத்திருந்த துணித் துண்டைக் கிழித்து அவர் விரலில் சுற்றினாள். சுற்றும்போதே அவளுக்குத் தோன்றியது, கோடு ஏறினால் என்ன, இறங்கினால் என்ன, இந்த மனிதன் இருட்டுக்குள் போய்க்கொண்டிருக்கிறான்.

இரண்டாம் மாதக் கடைசியில் ஐந்தாம் மாடியிலிருந்து அழைப்பு வந்தது. அவள்மேல் குற்றச்சாட்டு இருந்தது. குற்றத்தின் பெயர் ‘பயன்பாட்டுப் பிடிவாதம்’.

நீண்ட மேஜையைச் சுற்றி ஏழு உறுப்பினர்கள். ஆளுக்கு மூன்று தண்ணீர்ப் பாட்டில். நடுவில் ஆளுயரப் பூச்சாடி. அதனால் எதிரெதிரே உட்கார்ந்தவர்கள் ஒருவரையொருவர் பார்க்க முடியவில்லை. தலைவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“நான் இந்த நாற்காலியில இருபத்திரண்டு வருஷமா இருக்கேன். இந்த நாற்காலியையே ஒன்பது தடவை மாத்தியிருக்கேன். எதுக்குச் சொல்றேன்னா, சிக்கனத்துக்காக நாங்க என்னவெல்லாம் தியாகம் பண்ணியிருக்கோம்னு உனக்குத் தெரியணும். போன வருஷம் சிக்கனத்தைப் படிச்சுட்டு வர்றதுக்காகப் பதினோரு நாடு சுத்தினோம், குடும்பத்தோட. எவ்வளவு களைப்பு தெரியுமா? நீ என்னடான்னா ஒரு நாய்ப்பட்டையை வீணாக்கத் துப்பில்லாம வந்து நிக்கிறே.”

“முயற்சி பண்ணினேங்கய்யா.”

“பண்ணினே, பண்ணினே,” என்றார் தலைவர் வெறுப்போடு, அவளுடைய செலவுப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டே. புரட்டியவர் ஒரு பக்கத்தில் நின்றார். “இதென்ன? பேருந்துக் கட்டணம். பேருந்துக் கட்டணம். விண்ணப்பத் தாள். கையேடு. நகல். படம் மூணு பிரதி. அரைநாள் சம்பளப் பிடிப்பு, பதினாலு தடவை. என்னம்மா செலவு இதெல்லாம்?”

“இங்க வந்துபோன செலவுங்க.”

“இதனால உங்க வீட்டுக்கு ஏதாவது வந்துச்சா? பண்டம், பாத்திரம்?”

“இல்லைங்க.”

“வேற ஏதாவது பயன்?”

பொத்தான்காரி நேர்மையாக யோசித்துப் பார்த்தாள். “இதுவரைக்கும் ஒண்ணும் இல்லைங்கய்யா.”

தலைவர் மெதுவாக எழுந்து நின்றார். முகம் மலர்ந்துவிட்டது.

“நண்பர்களே! இவ்வளவு நாளும் கண்முன்னாலயே இருந்திருக்கு, நாம பார்க்கலை. பொருளும் இல்ல, பலனும் இல்ல. கலப்படமே இல்லாத வீண்செலவு! இருபத்திரண்டு வருஷத்துல இப்படிச் சுத்தமான ஒண்ணை நான் பார்த்ததே இல்ல!”

ஏழு பேரும் மேஜையைத் தட்டினார்கள். ஒருவருக்காவது முகம் சுருங்குமா என்று பார்த்தால், ஒருவருக்கும் இல்லை. ஒரே குரலில் தீர்மானம் நிறைவேறி, ஏழு கையெழுத்தும் தங்கநிற முத்திரையும் விழுந்த உத்தரவு அரைமணி நேரத்தில் அவள் கைக்கு வந்தது:

‘மேற்படி குடும்பம் இவ்வாரிய அலுவலகத்துக்கு வந்து செல்வதால் யாதொரு பயனும் இல்லை என ஐயமற நிறுவப்பட்டுள்ளது. இச்செலவு இன்று முதல் முற்றாக நிறுத்தப்பட வேண்டும். இவ்வகைச் செலவுக்குத் தூண்டுவோர் எவராயினும் மூன்று மாத ஊதியம் தண்டமாகச் செலுத்தக் கடவர்.’

பொத்தான்காரிக்குப் பாதிதான் புரிந்தது. இனி இங்கே வரக்கூடாது என்பது மட்டும் தெளிவாகப் புரிந்தது. வராமல் எப்படிச் சான்றிதழ் வாங்குவது? அதைக் கேட்க வாயெடுத்தாள். அதற்குள் எல்லாரும் சாப்பிடப் போய்விட்டார்கள்.

மறுநாள் தொழிற்சாலை நலநிதிச் செயலாளரின் மேஜைமுன் போய் நின்றாள். அவர் தலை நிமிராமலே கேட்டார்: “சான்றிதழ் கொண்டாந்தியா?”

“இல்லைங்க.”

“அப்புறம் எதுக்கு வந்தே? நாளைக்கே வாரியத்துக்குப் போய்க் கேளு.”

“போகக்கூடாதுன்னு இதைக் குடுத்திருக்காங்கய்யா. நீங்கதான் படிச்சு, நான் என்ன செய்யணும்னு சொல்லணும்.”

செயலாளர் உத்தரவை வாங்கிப் படித்தார். மறுபடி படித்தார். மூன்றாம் தடவை கடைசி வரியில் விரலை வைத்துப் படித்தார். ‘தூண்டுவோர் எவராயினும்.’ ஏழு கையெழுத்துகளையும் எண்ணினார். எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

“நான் இப்ப உன்னை அங்க போகச் சொன்னேன்ல?”

“ஆமாங்க.”

“யார் காதுலயாவது விழுந்திருக்குமா?”

“தெரியலைங்களே.”

“நான் சொல்லலை. என்னம்மா? நான் சொல்லவே இல்ல. சான்றிதழ்னு ஒண்ணு நான் கேக்கவும் இல்ல. உக்காரு, தண்ணி குடி. எவ்வளவு தொகை? எந்த ஆஸ்பத்திரி?”

அன்று மத்தியானமே காசோலை கிடைத்தது. அந்த வாரமே பொத்தான் பிரிவில் இருந்த நூற்றுப் பத்துப் பேரும் அவளிடமிருந்து அந்த உத்தரவுக்கு நகல் எடுத்துக்கொண்டார்கள். நகல் இருந்தவரெல்லாம் ஐந்து மாடிப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. முகப்பு எழுத்தர் பேனா மூடியைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தார். கூட்டம் குறைந்ததைப் பார்த்த வாரியம், மக்கள் திருந்திவிட்டார்கள் என்று அறிக்கை வெளியிட்டு, அதைக் கொண்டாட ஆறாவது மாடி கட்டத் தொடங்கியது.

மூன்றாம் மாதம் சாவிக்காரருக்குப் புரை எடுத்தார்கள். ரொட்டிக்கடைக்காரரின் சாவி முதல் அறுப்பிலேயே திரும்பியது.

அதற்குப் பிறகும் ஒரு மாதம் கழித்து அவர்கள் வீட்டு வாசலில் ஒரு பெரிய கார் வந்து நின்றது. கண்காணிப்பாளர், ஆய்வாளர், ஓட்டுநர், படமெடுப்பவர், சான்றிதழைச் சுமக்க ஒருவர், மொத்தம் ஐந்து பேர். வாரியத்துக்கு வந்துபோகும் செலவை இரண்டு மாதமாக அறவே ஒழித்ததற்காக, பொத்தான்காரியின் கோடு செங்குத்தாக இறங்கியிருந்ததாம். இப்படி ஒரு இறக்கம் வரலாற்றிலேயே கிடையாதாம். வெள்ளிச் சட்டமிட்ட சான்றிதழை நீட்டினார் கண்காணிப்பாளர்.

“என்னம்மா, உங்களுக்குப் பெருமையா இருக்கா?” என்று ஆய்வாளர் கேட்டார். பொத்தான்காரி அதைப் புருஷன் கையில் கொடுத்தாள். மணி நாலு, அப்போதுதான் அவர் கண்ணில் சொட்டு மருந்து விட்டிருந்தாள்.

சாவிக்காரர் சட்டத்தை வெளிச்சத்துப் பக்கம் திருப்பினார். கண் போய்த் திரும்பி வந்த பிறகு அவர் படிக்கிற முதல் எழுத்து அதுதான். ஓர் எழுத்தையும் விடாமல் உரக்கப் படித்தார்: “வீண்செலவில் மூழ்கியிருந்த இக்குடும்பம், வாரியத்தின் அயராத வழிகாட்டலால் திருந்தி, நல்வாழ்வு பெற்றது.”

படித்துவிட்டுச் சட்டத்தை மடியில் வைத்தார். பிறகு மனைவியைத் திரும்பிப் பார்த்தார்.

“இதைப் படிக்கிறதுக்காடி எனக்குக் கண்ணைத் திறந்துவிட்டே?”

சொட்டு மருந்து நிரம்பி அவர் கன்னத்தில் வழிந்தது. கண்காணிப்பாளர் அவசரமாகக் குறிப்பேட்டை எடுத்து, ‘பயனாளி நன்றியால் கண் கலங்கினார்’ என்று எழுதி, படமெடுப்பவரை இன்னும் கிட்டே வரச்சொன்னார்.